முனைவர் பட்டத்துக்குப் பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முனைவர் பட்டம் பெற்றவர்கள் உடனே கல்லூரி ஆசிரியர் பணிக்கு வரிசையில் நிற்பதைவிட, இரண்டு மூன்று ஆண்டுகளை முதுமுனைவர் ஆய்வில் (பட்டத்துக்குப் பின் சம்பளத்தோடு செய்யும் 'போஸ்ட்-டாக்' ஆய்வில்) செலவிடுவது நல்லது என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்குக் கோபியிலிருந்து பொள்ளாச்சி வரை பலரும் கடிதம் எழுதிவிட்டார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று அநேகமாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, நுண்ணுயிரியலில் சென்ற ஆண்டு முனைவர் பட்டம் பெற்றேன். திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையின் வண்டலிலிருந்து சாயத்தைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்ததே என் ஆய்வு. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அறுபது பேருக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பியும் ஒருவரும் பதில் எழுதவில்லை. அனுப்பிய கடிதத்தையும் தன்விவரக் குறிப்பையும் இணைத்துள்ளேன். தவறு எங்கே? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. "மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்" என்று தொடங்குகிறது. அடுத்த வரியில் உலகப் புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுவது என் வாழ்நாள் கனவு என்கிறீர்கள். பிறகு தங்கப் பதக்கம் வருகிறது, பதினோரு கருத்தரங்குகள் வருகின்றன, கல்லூரியில் வகித்த பொறுப்புகள் வருகின்றன. என்ன ஆய்வு செய்தீர்கள் என்பது ஒன்பதாவது வரியில், அதுவும் ஆய்வேட்டின் தலைப்பாக மட்டும் எட்டிப் பார்க்கிறது. நாள்தோறும் இப்படிப்பட்ட கடிதங்கள் வந்து குவியும் ஒருவர் ஒன்பதாவது வரி வரை வரமாட்டார்.

கடிதத்தின் நடையைவிட ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. முதுமுனைவர் பணியை நீங்கள் ஒரு சேர்க்கையாக, முதுகலை வகுப்பில் இடம் கேட்பதைப் போல, நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலான நாடுகளில் அந்தப் பணிக்கு ஆள் எடுப்பது பல்கலைக்கழகம் அல்ல, ஓர் ஆய்வகத்தின் தலைவர். அவருக்குக் கிடைத்த ஆய்வு நல்கையிலிருந்துதான், அதாவது ஆய்வுக்கென்று தரப்பட்ட நிதியிலிருந்துதான், உங்களுக்குச் சம்பளம் வரும். எனவே ஹார்வர்டா, ஸ்டான்ஃபோர்டா, ஹைடல்பர்க்கா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, என் வேலையால் இன்று பயன்பெறக்கூடியவர் யார், அவர் கையில் பணம் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

முதல் கேள்விக்கு விடை உங்கள் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களிலேயே இருக்கிறது. மேற்கோள் பட்டியலை எடுத்து, கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை மட்டும் குறியுங்கள். உங்கள் துறையில் ஒரு கட்டுரையின் கடைசிப் பெயர் வழக்கமாக ஆய்வகத் தலைவருடையது. அந்தப் பட்டியலில் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் பத்துப் பன்னிரண்டு தேறும். இரண்டாம் கேள்விக்கு விடை பொதுவெளியிலேயே கிடைக்கிறது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கும் நல்கைகளை 'ரிப்போர்ட்டர்' என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆய்வாளரின் பெயரை இட்டால் எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, எந்த ஆண்டு முடிகிறது என்பது வரை வரும். உங்கள் துறைக்கு அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டியல் இன்னும் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்த திட்டங்களுக்குக் 'கோர்டிஸ்' என்ற தளம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் புதிய நல்கை பெற்றவர் ஆள் தேடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த ஆண்டு நல்கை முடியப்போகிறவர் இருக்கிற ஆட்களுக்கே சம்பளம் எங்கே என்று யோசித்துக்கொண்டிருப்பார். விளம்பரமாக வரும் இடங்களுக்கு ஐரோப்பாவில் 'யூராக்செஸ்', பிரிட்டனில் 'ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யுகே', பொதுவாக 'நேச்சர் கேரியர்ஸ்' ஆகிய தளங்களை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் ஆய்வு சாதாரணமானதல்ல. அதை நீங்களே மறைத்துவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம். அசோ என்ற வகைச் சாயங்களை பாக்டீரியா சிதைக்கும்போது நிறம் போய்விடும், ஆனால் நச்சுத்தன்மையுள்ள அரோமாட்டிக் அமீன்கள் என்ற சேர்மங்கள் தங்கிவிடக்கூடும். நிறம் போவது பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாத நிலையில் நடக்கிறது. அமீன்கள் சிதைய ஆக்சிஜன் வேண்டும். இது துறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த முடிச்சு. திருப்பூர்ச் சாயக்கழிவின் தனித்தன்மை அதிலுள்ள உப்பு. ஆய்வகத்து பாக்டீரியாக்கள் பலவும் அந்த உப்பில் சோர்ந்துபோகும். ஒரத்துப்பாளையத்து வண்டலில் ஆண்டுக்கணக்கில் உப்போடும் சாயத்தோடும் வாழ்ந்து பழகிய உயிர்களை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு அந்தக் கதை வேண்டாம், அந்த மண்ணில் என்ன கிடைத்தது என்பது வேண்டும்.

ஆகவே கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: "பேராசிரியர் அவர்களுக்கு, அமீன்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேஸ் நொதிகள் பற்றிய தங்கள் அண்மைக் கட்டுரையில், உப்பு கூடும்போது நொதியின் செயல்திறன் குறைவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். சாயக்கழிவு பல ஆண்டுகள் தேங்கிய ஓர் அணையின் வண்டலிலிருந்து உப்பைத் தாங்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து அவற்றின் வளர்ச்சியையும் சிதைவுத் திறனையும் என் முனைவர் ஆய்வில் அளந்திருக்கிறேன். தாங்கள் கூறும் குறைபாடு இவற்றின் நொதிகளில் இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறேன். இதற்குத் தங்கள் ஆய்வகத்தில் இடம் இருக்குமானால், அல்லது தங்களை நெறியாளராகக் கொண்டு நான் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியுமானால், அரைமணி நேரம் பேச வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்." இவ்வளவுதான். பேராசிரியரின் பெயர் சரியான எழுத்துகளோடு இருக்க வேண்டும். அவருடைய கட்டுரையை நீங்கள் உண்மையிலேயே படித்திருக்க வேண்டும், ஏனென்றால் பதில் வந்தால் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும். இரண்டு பக்கத் தன்விவரக் குறிப்பையும் உங்கள் சிறந்த கட்டுரை ஒன்றையும் மட்டும் இணையுங்கள். இரண்டு வாரம் பார்த்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கு மேல் அனுப்பக் கூடாது. அறுபது பேருக்கு ஒரு கடிதம் எழுதிய நேரத்தில் பத்துப் பேருக்குப் பத்துக் கடிதம் எழுதலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள பதினான்கு கட்டுரைகளில் ஆறு, பணம் கட்டினால் மூன்று வாரத்தில் அச்சாகும் இதழ்களில் வந்தவை. அவற்றை நீக்கிவிடுங்கள். எண்ணிக்கை குறைகிறதே என்று மனம் கேட்காது, தெரியும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வியாபாரி மூட்டையை எண்ணுவதற்கு முன் ஒரு விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்ப்பார், கவனித்திருப்பீர்கள். பேராசிரியரும் ஏதோ ஒரு கட்டுரையைத்தான் திறந்து பார்ப்பார். அவர் திறப்பது அந்த ஆறில் ஒன்றாக இருந்துவிடக் கூடாது.

கேள்வி: எனக்கு வயது 34. பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைக்காக நடுவில் இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருந்தேன். கணவர் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறார். இனி எனக்கு வாய்ப்பு உண்டா? வெளிநாடுதான் போக வேண்டுமா? (வாசகி, பெருந்துறை)

பதில்: நம் ஊரில் எல்லாக் கணக்கும் வயதில் தொடங்குகிறது. வெளிநாட்டு உதவித்தொகைகள் பலவும் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை, பட்டம் பெற்ற நாளைத்தான் பார்க்கின்றன. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு முதுமுனைவர் பிரிவில் பட்டத்துக்குப் பின் நான்கு ஆண்டுகள் வரை விண்ணப்பிக்கலாம். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் உதவித்தொகைக்கு ஆறு. ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்குப் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு ஆய்வு அனுபவம் வரை. இந்த மேரி கியூரி கணக்கில், குழந்தைக்காக ஆய்விலிருந்து விலகியிருந்த காலத்தைச் சான்றுடன் கழித்துக்கொள்ளலாம். அதாவது நீங்கள் இழந்ததாக நினைக்கும் இரண்டு ஆண்டுகள் அங்கே இழப்பாகக் கணக்கில் வராது. ஹம்போல்ட், மேரி கியூரி இரண்டிலும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனிப் படி உண்டு. மேரி கியூரிக்கு ஒரு கட்டுப்பாடு: எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறீர்களோ அந்த நாட்டில், விண்ணப்பிக்கும் இறுதி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. பெருந்துறையில் இருக்கும் உங்களுக்கு அது தடையாகாது. மூன்றுக்கும் பொதுவானது, அங்கே ஒரு பேராசிரியர் உங்களை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும் என்பது. ஜப்பானில் விண்ணப்பத்தை முன்வைப்பதே அவர்தான். ஆகவே மேலே கோபி வாசகிக்குச் சொன்ன கடித வேலை உங்களுக்கும் உண்டு.

உள்நாட்டிலேயே இருக்க நினைத்தால் அதில் குறைவு ஒன்றுமில்லை. தேசிய முதுமுனைவர் உதவித்தொகையை முன்பு மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியம் (எஸ்இஆர்பி) நடத்தியது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை இப்போது அந்தப் பொறுப்பை ஏற்றுள்ளது. அதன் வயது வரம்பு 35. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. ஒரே நெறியாளரின்கீழ் ஒரே சமயத்தில் இருவருக்கு மேல் அந்த உதவித்தொகையில் இருக்க முடியாது என்ற விதி இருந்து வந்திருக்கிறது. ஆகவே அறிவிப்பு வரும் வரை காத்திராமல், உங்களிடம் இடம் இருக்கிறதா என்று நெறியாளரை இப்போதே கேட்டுவிடுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஐஐடிகளும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தே முதுமுனைவர் பணியிடங்கள் தருகின்றன. மத்திய அரசுத் திட்டங்களில் ஆய்வுத் துணையாளர் பணிக்கு 2023 சனவரி 1 முதல் தகுதிக்கேற்ப மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என்றும் அதனோடு வீட்டு வாடகைப்படி என்றும் நிர்ணயித்தார்கள். கோவையிலேயே கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வேளாண்மைப் பல்கலைக்கழகம், வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில் சலீம் அலி மையம் என்று, வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் ஆய்வகங்கள் இருக்கின்றன. 1912இல் தொடங்கிய கரும்பு நிறுவனத்தில்தான் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் பணியாற்றினார். அவர் மிச்சிகனில் படித்துவிட்டு இங்கே வந்து, பிறகு இங்கிலாந்துக்குப் போனவர். போவதும் வருவதும் இந்தத் தொழிலில் இயல்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்காவுக்குப் போவதானால் ஜே-1 என்ற பரிமாற்ற ஆய்வாளர் விசாவில் போகிறவரின் கணவர் ஜே-2 விசாவில் உடன் சென்று, வேலை செய்ய அனுமதி கேட்டுப் பெறலாம். ஜே-1 முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு பலரை அச்சுறுத்தி வந்தது. அதற்கு அடிப்படையான திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பர் 9 முதல் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு மட்டும் அது இன்னும் பொருந்தலாம்.

கேள்வி: ஆய்வேட்டைச் சமர்ப்பித்து ஓராண்டு ஆகிறது; வாய்மொழித் தேர்வு இன்னும் நடக்கவில்லை. பட்டம் கைக்கு வராமல் விண்ணப்பிக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: விண்ணப்பிக்கலாம் தம்பி, எங்கே என்பதைப் பொறுத்தது. ஒரு பேராசிரியரின் நல்கையில் சேர்கிறீர்கள் என்றால் விண்ணப்பிக்கும் நாளில் பட்டம் தேவையில்லை, பணியில் சேரும் நாளில் தேவை. தேசிய முதுமுனைவர் உதவித்தொகையிலும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர்களைக் குறைந்த தொகையில் எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்திருக்கிறது. மேரி கியூரியில் மட்டும் இறுதி நாளுக்குள் வாய்மொழித் தேர்வு முடிந்திருக்க வேண்டும். தேர்வு முடிந்து பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால், பட்டத்துக்கான நிபந்தனைகள் யாவும் நிறைவேறின என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் பல்கலைக்கழக முத்திரையுடன் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கும்.

ஓராண்டுத் தாமதத்துக்குக் காரணம் எப்போதும் தேர்வாளர் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். என் ஆய்வேட்டுக்கு அயல்நாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்து ஐந்து மாதம் ஆகியும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கடைசியில் நானே நேரில் போய், எழுத்தரோடு சேர்ந்து அலமாரியைக் குடைந்தபோது, அந்த உறை வேறொரு துறையின் கோப்புக் கட்டுக்குள் சேர்ந்து, சிவப்பு நாடாவால் இறுக்கக் கட்டப்பட்டிருந்தது. அந்த இடைவெளியில் எனக்காக ஓர் இடத்தை வைத்திருந்த பேராசிரியர் வேறொருவரை எடுத்துக்கொண்டார். அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதம் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள், கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: நான் தமிழிலக்கியத்தில் முனைவர். இதெல்லாம் அறிவியல்காரர்களுக்கு மட்டும்தானா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை, ஆனால் வாசல்கள் குறைவு, வேறு மாதிரியும் இருக்கும். ஆய்வகமும் நல்கையும் உங்கள் துறையில் அரிது. நீங்களே ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டு போக வேண்டும். புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனமும், அங்கேயே இருக்கும் தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையமும் சுவடி ஆய்வில் முதன்மையானவை. ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் சுவடிப் பண்பாடுகளுக்கான மையம் இருக்கிறது, அங்கே தமிழ்ச் சுவடிகள் குறித்துப் பெரிய திட்டங்கள் நடந்திருக்கின்றன. சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும், சமூக அறிவியல் சார்ந்த பொருளானால் டெல்லியிலுள்ள இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகமும் முதுமுனைவர் உதவித்தொகை அளித்து வந்திருக்கின்றன. ஹம்போல்ட்டும் மேரி கியூரியும் எல்லாத் துறைக்கும் பொது.

உங்கள் ஆய்வேடு கொங்கு நாட்டுச் செப்பேடுகள் பற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் எழுத்தோடு வட்டெழுத்தும் கிரந்தமும் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் உலகில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதைத் தன்விவரக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் "பிற திறன்கள்" என்ற தலைப்பின்கீழ், கணினித் தட்டச்சுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். முதல் பக்கத்தின் தலைவரிக்கு அதைக் கொண்டுவாருங்கள். ஆய்வேட்டின் ஓர் இயலையாவது ஆங்கிலக் கட்டுரையாக்கி ஒரு நல்ல இதழுக்கு அனுப்பிய பிறகே கடிதம் எழுதத் தொடங்குங்கள். உங்கள் உழைப்பைத் தமிழறியாத தேர்வுக் குழுவினர் பார்க்க வேறு வழியில்லை.

கேள்வி: மூன்று லட்ச ரூபாய் கொடுத்தால் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமுனைவர் இடம் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வேண்டாம். முதுமுனைவர் என்பது உங்களுக்குச் சம்பளம் தரும் வேலை. முகவர் காட்டும் கடிதத்தில் "வருகைதரு ஆய்வாளர்" என்றும் "சொந்தச் செலவில்" என்றும் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்மையான கடிதமாகவே இருக்கலாம், ஆனால் அது வேலைக் கடிதம் அல்ல. சில இடங்களில் ஆய்வக மேசைக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: பாஸ்டனிலுள்ள ஓர் ஆய்வகத்திலிருந்து காணொளி நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். என்ன கேட்பார்கள், நான் என்ன கேட்கலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வாழ்த்துகள். வழக்கமாக அரைமணி முதல் முக்கால் மணி வரை உங்கள் ஆய்வை விளக்கச் சொல்வார்கள். பிறகு ஆய்வகத்தார் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். எந்தச் சோதனை தோற்றது, தோற்ற பிறகு என்ன செய்தீர்கள் என்ற கேள்வி அநேகமாக உறுதியாக வரும். நம்மவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள், ஏனென்றால் ஆய்வேட்டில் தோல்விக்கு இயல் ஒதுக்குவதில்லை. ஒரு வரைபடத்தை எடுத்து, இந்தப் புள்ளி ஏன் கோட்டிலிருந்து விலகி நிற்கிறது என்று கேட்பார்கள். உங்கள் படங்கள் ஒவ்வொன்றிலும் அந்த விலகி நிற்கும் புள்ளிக்குப் பதில் வைத்திருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று அடுத்த வரியைச் சேருங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: நல்கை எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது, பணி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுமா, உங்கள் யோசனையை வெளியே போகும்போது கொண்டுசெல்ல முடியுமா, மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் சேருமா. சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2024ஆம் நிதியாண்டுக்கு முதலாண்டு முதுமுனைவருக்கு நிர்ணயித்த உதவித்தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். பல பல்கலைக்கழகங்கள் இந்த அளவை அடிப்படையாகக் கொள்கின்றன. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். பாஸ்டன் வாடகையால் வகுத்துப் பாருங்கள். ஆய்வகத்தை விட்டுப் போன முதுமுனைவர் இருவரின் பெயரைக் கேட்டு, அவர்களோடு தனியாகப் பேசுங்கள். தலைவர் எப்படிப்பட்டவர் என்பது இருக்கிறவர்களைவிடப் போனவர்களுக்கு நன்றாகத் தெரியும். பேசத் தயக்கமும் இருக்காது.

நேரத்தைச் சரிபாருங்கள். அவர்கள் காலை 10 மணி என்று எழுதினால், கோடையில் நமக்கு அது மாலை 7.30; நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு இரவு 8.30. உங்கள் நேர்காணல் நவம்பர் இரண்டாம் வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே 8.30தான். அந்த நேரத்தில் உங்கள் பகுதியில் மின்சாரம் போகும் பழக்கம் இருந்தால், இன்வெர்ட்டர் உள்ள நண்பர் வீட்டுக்கு ஏழரைக்கே போய்விடுங்கள்.